திருக்கோணமலையின் பெயர் பூண்ட தேக்குக் கப்பல்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலே ஹாட்டில்பூல் என்னும் துறைமுகப் பட்டினம் ஒன்றுண்டு. அதன் பழைய கப்பற்றுறையில், கரிய பக்கங்களும் வெள்ளைப் பட்டையும் பீரங்கி வாயில்களும் மூன்று பாய்மரங்களும் கொண்ட மரக்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. 'திரிங்கோமலி' என்பது அதன் பெயர். நம் திருக்கோணமலையே ஆங்கில நாவில் அவ்வாறு திரிந்து அக்கப்பலுக்குப் பெயராயிற்று. 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆந் திகதி பம்பாயிலே நீரில் இறக்கப்பெற்ற இது, மிதக்கும் நிலையில் எஞ்சியுள்ள பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது. நெல்சனின் 'விக்டரி' இதனினும் ஐம்பத்திரண்டு ஆண்டு மூத்ததாயினும், 1922 ஆம் ஆண்டு தொட்டு உலர்துறையிலே நிற்பதன்றி நீரில் மிதப்பதில்லை.

இருநூறு ஆண்டு கடந்த மரக்கலம் ஒன்று இன்னும் மிதக்கின்றதென்றால், அதன் மரம் யாது, அஃது எங்கிருந்து வந்தது, அதனை அறுத்துப் பொருத்தினோர் யாவர் என்னும் வினாக்கள் எழுதல் இயல்பு. திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் கடற்றளபதிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் மரக்கலங்களின் காலத்திலே ஒரு துறைமுகத்தின் வலிமை அதன் ஆழத்தில் மட்டுமன்றி, அதற்கு எட்டுந் தொலைவிலுள்ள காட்டிலும் தங்கியிருந்தது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல் நம் ஊர்க் காட்டு மரத்தால் ஆனதன்று. மலையாள நாட்டுத் தேக்கினால் ஆனது. அவ்வாறானதன் காரணம் யாது, அத்தேக்கின் இயல்பு எத்தகையது, அக்காலத்தே நம் காட்டு மரங்கள் எவ்வழிச் சென்றன என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

கப்பலுக்கு இப்பெயர் வாய்த்தது 1782 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளால். அவ்வாண்டு சனவரி மாதத்தில் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூசு ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றினார். ஓகஸ்ட் இறுதியிலே பிரெஞ்சுத் தளபதி சுப்பிரேன் அதனை அவரிடமிருந்து பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3 ஆந் திகதி இருவர் படைகளும் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள கடலிற் பொருதன. வெற்றி எவர் பக்கம் என்று துணிந்து கூற இயலாத அப்போரிலே இரு திறத்துக் கப்பல்களும் பெருஞ்சேதமுற்றன. சுப்பிரேனின் கொடிக்கப்பலாகிய 'ஏரோ' தன் பெரும்பாய்மரத்தை இழந்தது. துறைமுகத்துக்கு மீளுங்காலை 'ஓரியான்' என்னும் 74 பீரங்கிக் கப்பல் கரைதட்டி அழிந்தது. அழிந்த அக்கப்பலின் பாய்மரங்களைக் காப்பாற்றி, பாய்மரம் இழந்த இரு கப்பல்களுக்குப் பயன்படுத்திக்கொண்டனர் என்பர் கடற்போர் வரலாற்றாசிரியர்.

இச்சிறு செய்தி நின்று நோக்கத்தக்கது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று; அதனைச் சூழவோ அடர்ந்த காடு. எனினும் ஒரு பாய்மரத்துக்கு இறந்த கப்பலின் உடலை நாடவேண்டியிருந்தது. பாய்மரத்துக்கு நெடிது நேராய் உயர்ந்த, பாரங்குறைந்த மரம் வேண்டும். நம் உலர் வலயக் காட்டு மரங்களோ வைரமும் பாரமும் மிக்கன. தேக்குங்கூடப் பெரும்பாய்மரத்துக்குப் பாரமானதே. மலையாளக் கரையிலே புன்னை இனத்தைச் சேர்ந்த மலைமரங்கள் இதற்கு உதவின. ஆங்கில மாலுமிகள் அவற்றைப் 'பூன்' என்று வழங்கினர். நம் 'புன்னை' என்னும் சொல்லே அவ்வாறு குறுகிற்று. நம் கடற்கரைகளிற் காற்றுக்குச் சாய்ந்து கோணி நிற்கும் புன்னையைப் பார்ப்போர்க்கு, அதன் மலையுறவினர் வங்காள விரிகுடாவிலே பாய் சுமந்தனர் என்பது வியப்பாகவே தோன்றும்.

இனித் தேக்கினை நோக்குவாம். தேக்கு ஈழத்தின் இயற்கை மரம் அன்று. இந்தியா, மியன்மார், தாய்லாந்து, இலாவோசு ஆகிய நாடுகளின் காடுகளே அதன் பிறப்பிடம். மலையாளக் காட்டுக்கும் நம் காட்டுக்கும் பொதுவான மரங்கள் பலவாயினும் தேக்கு மட்டும் தானாகக் கடல் கடந்து வந்திலது. தமிழகத்திலே அஃது தொன்றுதொட்டு அறியப்பட்டது. பெரும்பாணாற்றுப்படையிலே பாணர் சுற்றத்துக்குத் தேக்கின் அகன்ற இலையிற் குவித்து உணவளிக்கப்படுதலைக் காணலாம். தேக்கின் பயன் தச்சனிடம் தொடங்குவதன்று, பசித்தவனிடம் தொடங்குவது என்பதற்கு அதுவே சான்று. இளந்தேக்கிலையைக் கையிலே கசக்கினால் உள்ளங்கை இரத்தம் போற் சிவக்கும். இதனை அறியாத சிறுவர் தேக்கு வளரும் ஊர்களில் இலர்.

ஐரோப்பியர் இம்மரத்தை நூலில் ஏற்றியது பதினேழாம் நூற்றாண்டிலாகும். கொச்சியில் ஒல்லாந்த அதிகாரியாயிருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஓட்டசு மலபாரிக்கசு' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. அதிலே இம்மரம் 'தேக்க' என்னும் மலையாளப் பெயரோடே விவரிக்கப்படுகின்றது. போர்த்துக்கேயர் 'தேக்கா' என்று வழங்கியதன் வழியே ஆங்கிலத்துக்கும் அச்சொல் சென்றது. தாவர நூலார் இட்ட 'தெக்டோனா' என்னும் பெயரோ, நம் சொல்லையும் தச்சனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒருங்கே நினைப்பூட்டுவது. இளைய லின்னேயசு அப்பெயரை வெளியிட்டதும் திருக்கோணமலைப் போர் நடந்த அதே 1782 ஆம் ஆண்டில் என்பது தற்செயலே எனினும் சுவையானது.

தேக்கின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நோக்கின், வெளிப்புறத்தே வெளிறிய மென்பகுதியும் உட்புறத்தே பொன்னிறமும் கபில நிறமும் கலந்த வைரமும் தெளிவாகத் தெரியும். தேக்கின் புகழ் முழுவதும் அவ்வைரத்துக்கே உரியது. வெளிறோ பிற மரங்களின் வெளிறு போலவே உக்கும், கறையானும் அரிக்கும். நன்கு உலர்ந்த தேக்கு வைரம் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 40 இறாத்தல் நிறையுடையது. முதிரையும் பாலையும் இதனினும் மிகப் பாரமானவை. எனவே வலிமையிற் பெரிதும் குறையாமலே இலேசாக இருத்தல் தேக்கின் முதற் சிறப்பு. உலருங்கால் மிகச் சிறிதே சுருங்குதலும், வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டாலும் முறுகாது கோணாது நிற்றலும் அடுத்த சிறப்பு. கப்பலின் மேற்றளத்துக்கு இதனினும் ஏற்ற மரம் இல்லையென்பது இதனாலேயே. உருக்குக் கப்பல்கள் வந்த பின்னருங்கூட, இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்க்கப்பல்கள் பலவற்றின் தளங்களுக்குத் தேக்குப் பலகையே பரப்பினர்.

வைரத்தினுள்ளே எண்ணெய்ப் பசையும் இறப்பரை ஒத்த பொருளும் உள்ளன. அவை நீரை உள்ளே விடாது தடுக்கின்றன. தெக்டோகுவினோன் என்று இரசாயன நூலார் கூறும் பொருள் ஒன்று கறையானை விலக்குகின்றது. மணற்சத்தாகிய சிலிக்காவும் மரத்தினுள்ளே கலந்திருத்தலால் தச்சரின் வாளும் உளியும் விரைவில் மழுங்கும். கப்பல் கட்டுவோர்க்கு இவை எல்லாவற்றினும் மேலாயிருந்தது வேறொன்று. ஐரோப்பிய ஓக்கு மரத்திலே தனின் என்னும் துவர்ப்புச் சத்து மிகுதி. அதிலே அறையப்பட்ட இரும்பாணி ஈரம் பட்டவுடன் துருப்பிடிக்கும். துருவினால் ஆணியைச் சூழ்ந்த மரமும் கருகி நைந்துபோகும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ இரும்பைக் காக்கின்றது. ஆணியும் மரமும் ஒன்றையொன்று கொல்லாதிருத்தல் ஒரு கப்பலின் வாழ்நாளை எவ்வளவு நீட்டும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

குறைகளும் இல்லாமலில்லை. கடலிலே மரத்தைத் துளைக்கும் கப்பற் புழுவைத் தேக்கு முற்றாகத் தடுக்கவல்லதன்று. ஆகவே தேக்குக் கப்பலின் அடிப்புறத்துக்கும் செப்புத் தகடு போர்த்தனர். பீரங்கிக் குண்டு பட்டுத் தெறிக்கும் தேக்குச் சிராய் உடம்பிலே ஏறினாற் புண் சீழ்பிடித்து ஆறாது என்று மாலுமிகள் அஞ்சினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானியக் கடற்படை மரப்பஞ்சத்தால் வருந்தியது. 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 முதிர்ந்த ஓக்கு மரம் வேண்டும் எனக் கணிப்பர். நெடிய போரினால் முதிர்ந்த மரம் அருகியது. கிடைத்த மரத்தை உலரவிடவும் அவகாசமிருக்கவில்லை. 1810 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட 'குயீன் சார்லட்' என்னும் பெருங்கப்பல் கடலிற் பணியாற்றப் புறப்படுமுன்னரே உக்கிப்போய்ப் பெருஞ்செலவிலே திருத்தப்படலாயிற்று. இந்நிலையிலேதான் கடற்படையார் பம்பாயை நோக்கினர்.

திரிங்கோமலியின் அமைப்பு 'லீடா' வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் மூலம் ஆங்கிலப் படம் அன்று. 'எபே' என்னும் பிரெஞ்சுக் கப்பல். அதனை ஆங்கிலேயர் பிரித்தானிக் கடலிலே சிறைப்பிடித்த நாள் 1782 செப்டெம்பர் 4, அதாவது திருக்கோணமலைப் போருக்கு மறுநாள். போரின் பெயரும் கப்பலின் வடிவும் அடுத்தடுத்த இரு நாட்களில், உலகின் இரு கோடிகளிற் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டின் பின் பம்பாய்த் துறையிலே ஒன்றுசேர்ந்தன.

அவ்வகைக் கப்பல்களைப் பல மரங்களாலும் கட்டினர் என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஒரே படத்துக்கு வெவ்வேறு மரம் என்ன பலன் தந்தது என்பதை இதனால் ஒப்பிட்டு நோக்கலாம். அமெரிக்கரோடு மூண்ட போரின் அவசரத்தால் 1813 ஆம் ஆண்டிலே எட்டுக் கப்பல்களைச் செம்பைன் மரத்தால் விரைந்து கட்டினர். 1820 ஆம் ஆண்டளவிலே அவ்வெட்டும் உடைக்கப்பட்டோ விற்கப்பட்டோ ஒழிந்தன. ஏழாண்டுக்கு மேல் அவற்றுள் ஒன்றும் கடற்படையில் நிலைக்கவில்லை. திரிங்கோமலிக்கு வயது இப்போது இருநூறுக்கு மேல்.

பம்பாயிலே கப்பல் கட்டியோர் பார்சி வகுப்பினரான வாடியாக் குடும்பத்தார். அக்குடும்பத்து லௌஜி நசர்வான்ஜி என்பார் 1736 ஆம் ஆண்டிலே சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டார். 1750 ஆம் ஆண்டில் அங்கே உலர்துறை அமைந்தது. தந்தைக்குப் பின் மைந்தராக அக்குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே தலைமைத் தச்சராயிருந்தது. அவருள் ஜம்செட்ஜி பொமன்ஜி 1810 இல் 'மின்டன்', 1813 இல் 'கோண்வாலிஸ்', 1815 இல் 'வெல்லெஸ்லி' முதலிய 74 பீரங்கிக் கப்பல்களைத் தேக்கினாற் கட்டினார். இவற்றுள் கோண்வாலிஸ் கப்பலிலேதான் 1842 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி சீனரோடு நான்கிங்கு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வெல்லெஸ்லி 1940 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தேம்சு நதியில் ஜெர்மானிய விமானத்தின் குண்டால் மூழ்கியது. நூற்றிருபத்தைந்து ஆண்டு வாழ்ந்த அம்மரத்தைக் காலம் கொன்றிலது, போரே கொன்றது.

பம்பாய்க்கு இருந்து திருக்கோணமலைக்கு இல்லாதது யாது? ஆழத்திலும் காப்பிலும் நம் துறைமுகம் எதற்கும் இளைத்ததன்று. ஆயினும் வற்றுப்பெருக்கில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. பம்பாயிலே பௌர்ணமி அமாவாசைக் காலங்களில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு மேல் நீர்மட்டம் மாறும். பெருக்கிலே கப்பலைத் துறையினுள் மிதக்கவிட்டு, வற்றிலே நீர் தானே வடிய, கதவை அடைத்துவிட்டால் உலர்துறை ஆயத்தம். திருக்கோணமலையிலோ அவ்வேறுபாடு ஏறக்குறைய இரண்டடியே. நீராவிப் பொறி பரவாத காலத்தில் அவ்வளவு நீரையும் மனிதர் இறைத்தல் அரிது. அன்றியும், பம்பாயைச் சூழ வணிகரும் கருமாரும் கயிறு திரிப்போரும் பாய் தைப்போரும் நிறைந்திருந்தனர். நம் ஊரின் பின்னிலமோ குளங்கள் உடைந்து, காய்ச்சலால் மக்கள் அருகிக் காடாகிக் கிடந்தது. மேலும் மலையாளத் தேக்கு கடல்வழி நேரே பம்பாயைச் சென்றடையும். சிறந்த துறைமுகம் என்பது வேறு, சிறந்த கப்பற்றொழிற்சாலை என்பது வேறு என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இக்கப்பலைக் கட்டும்படி கடற்படையார் பணித்தது 1812 ஆம் ஆண்டு. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலை அவ்வாண்டு டிசெம்பர் 29 ஆந் திகதி பிறேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான 'கொன்ஸ்டிடியூசன்' தாக்கி அழித்தது. படங்களை மீண்டும் எழுதி அனுப்பவேண்டியதாயிற்று. 1816 ஏப்பிரிலிலே கப்பலின் முதுகெலும்பாகிய ஏரா மரம் இடப்பட்டபோது பார்சியர் வழக்கப்படி அதிலே வெள்ளி ஆணி அறையப்பட்டது. செலவு ஏறக்குறைய 23,000 பவுண். ஆனால் எப்போருக்காகக் கப்பல் வேண்டப்பட்டதோ அப்போர் 1815 இலேயே முடிந்துவிட்டது. 1819 ஏப்பிரில் இறுதியிலே போட்ஸ்மத் துறையைச் சேர்ந்த கப்பலைப் பாய்மரம் களைந்து, மேலே கூரையிட்டு ஒதுக்கிவைத்தனர். இருபத்தாறு ஆண்டு அது அவ்வாறே கிடந்தது. 1845 இல் வெளியே எடுத்துப் பீரங்கிகளைக் குறைத்துத் திருத்தியமைத்தபின், 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலிலும் பணியாற்றியது. அப்பால் அது பயிற்சிக் கப்பல்.

1897 ஆம் ஆண்டிலே கப்பல் உடைப்போருக்கு விற்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு வீற்லி கொப் என்னும் செல்வர், தாம் பயிற்சிக்காக வைத்திருந்த 'பூட்ரோயன்' என்னும் கப்பலைப் புயலில் இழந்தார். அதற்கு ஈடாக இதனை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் இட்டார். ஆகவே பல்லாண்டு காலம் திருக்கோணமலை என்னும் பெயரே இக்கப்பலுக்கு இல்லாதிருந்தது. 1986 வரை இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளித்தபின், 1987 இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1992 இல் பழைய பெயர் மீண்டது. திருத்த வேலை 2001 ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது.

தேக்கின் பெருமை பேசுவோர் இவ்விடத்தே சற்றுத் தயங்குதல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலே 'யூனிகோண்' என்னும் கப்பல் உளது. அதுவும் லீடா வகையின் வழிவந்தது, 1824 இல் இங்கிலாந்திலே கட்டப்பட்டது, ஓக்கு மரத்தாலானது, அதுவும் இன்னும் மிதக்கின்றது. அதன் நீடிப்புக்குக் காரணம், அது ஒருபோதும் பாய் விரித்துப் பணிக்குச் செல்லாமல், தொடக்கம் முதலே கூரையின் கீழ்க் காக்கப்பட்டமையாகும். திரிங்கோமலியும் தன் இளமையில் இருபத்தாறு ஆண்டு கூரையின்கீழ்க் கிடந்தது. ஆதலின் மரத்தின் தன்மையோடு ஓய்வும், பேணுவோர் கையும் சேர்ந்தே இவ்வாயுளைத் தந்தன என்றல் பொருந்தும். ஆயினும் வேறொரு ஒப்பீடும் உண்டு. திரபல்கார்ப் போரிலே பிரெஞ்சுப் படையில் நின்று, பின் ஆங்கிலேயர் கைப்பட்டு 'இம்பிளாக்கபில்' எனப் பெயர் பெற்ற ஓக்குக் கப்பல், இருபதாம் நூற்றாண்டிலே பூட்ரோயனாயிருந்த நம் கப்பலோடு போட்ஸ்மத்தில் அருகருகே நின்றது. அதன் பழுதைத் திருத்தும் செலவுக்கு அஞ்சிய அரசினர் 1949 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆந் திகதி அதனைக் கடலிலே வேண்டுமென்றே மூழ்கடித்தனர். அருகில் நின்ற தேக்குக் கப்பல் பிழைத்துக்கொண்டது. யூனிகோணை மறவாமலே, தேக்கின் பக்கம் தீர்ப்புக் கூறலாம் என்பது என் கருத்து.

இத்துணைப் புகழுக்கும் விலை கொடுத்தது மலையாளக் காடு. 1792 இல் மலபார் கும்பினியார் வசமாயிற்று. கடற்படைக்குத் தேக்கு வேண்டுமென்று இலண்டனிலிருந்து வற்புறுத்தல் வரவே, 1806 ஆம் ஆண்டிலே வாட்சன் என்னும் படைத்தலைவர் காடுகாவலராக நியமிக்கப்பட்டார். காட்டிலுள்ள தேக்கு முழுவதும் கும்பினியாருக்கே உரியதாக்கப்பட்டது. தலைமுறையாகக் காட்டை ஆண்டுவந்த ஜன்மிகள் தம் மரத்தைத் தாமே வெட்ட இயலாதவராயினர். குடியானவர் கலப்பைக்கும் குடிசைக்கும் மரமின்றித் திண்டாடினர். ஆனை இழுக்க ஆற்றங்கரை சேர்ந்த மரங்கள் மழைக்காலத்து வெள்ளத்தில் மிதக்கவிடப்பட்டுக் கடற்றுறை அடைந்தன. பச்சைத் தேக்கு எளிதில் மிதவாது. ஆகையால் உலர்த்தியும், மூங்கிலோடு பிணைத்துத் தெப்பமாக்கியும் விட்டனர். குடிகளின் குறையைக் கேட்ட சென்னை ஆளுநர் தோமசு மன்றோ 1823 இல் அத்தனியுரிமையை ஒழித்தார். திரிங்கோமலி கட்டப்பட்ட 1816, 1817 ஆகிய ஆண்டுகள் அத்தனியுரிமை நிலவிய காலத்தினுள்ளே அடங்குவன என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

தனியுரிமை ஒழிந்தபின் காடு பிழைத்ததோ எனின், இல்லை. முன்னர்க் கும்பினியார் வெட்டினர். பின்னர் வணிகர் வெட்டினர். 1840 ஆம் ஆண்டளவில் எளிதில் எட்டக்கூடிய இடங்களில் முதிர்ந்த தேக்கு அருகிப்போயிற்று. அப்போது மலபார்க் கலெக்டராயிருந்த கனோலி, வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நடவேண்டும் என்று துணிந்து, நிலம்பூரிலே தோட்டம் தொடங்கினார். தேக்கு விதையின் தோடு மிகத் தடித்தது. அதனை முளைப்பிக்கும் வகை அறியாமல் முதலிற் பல முயற்சிகள் வீணாயின. 1844 அளவிலே முயற்சி கைகூடியது. வேலையைக் களத்தில் நின்று நடத்தியவர் சாத்து மேனோன் என்னும் உள்ளூர் அதிகாரி. தோட்டத்துக்குக் கனோலியின் பெயர் நிலைத்தது. நட்டவர் பெயரை நிலம்பூரார் நன்கறிவர், பிறர் அறியார். அக்காலத்து மரங்கள் சில அங்கே இன்றும் நிற்கின்றன.

இனி நம் காட்டுக்கு வருவோம். தேக்கு இல்லையெனினும் திருக்கோணமலைக் காடு வறிய காடன்று. முதிரை, பாலை, கருங்காலி, சாவண்டலை என்பன அதன் செல்வங்கள். முதிரையின் பொன்மஞ்சட் பளபளப்பு மேனாட்டார் மாளிகைத் தளபாடங்களுக்குச் சென்றது, கருங்காலியும் அவ்வாறே. ஆனால் திருக்கோணமலையின் பெயரைத் தானாகவே பெற்ற மரம் ஒன்றுண்டெனின் அது சாவண்டலையே. சிங்களத்தார் இதனை ஹல்மில்ல என்பர். சென்னை வணிகரிடையே இதன் பெயர் 'திருக்கோணமலை மரம்' என்பதாம். தாவர நூலில் இதன் இனத்துக்குச் சென்னையில் வாழ்ந்த அன்றூ பெரி என்னும் மருத்துவரின் பெயரை வைத்தவர் றொக்ஸ்பேக்கு.

சென்னைக்கு அக்காலத்திலே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்க, மக்களும் பொருளும் அலையைக் கடந்து மசூலாப் படகிலே கரை சேர்தல் வேண்டும். ஆணியடித்த படகு அவ்வலையிலே பிளந்துவிடும். ஆகவே பலகைகளைக் கயிற்றினால் தைத்து, அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்குமாறு அப்படகுகளை அமைத்தனர். இழுபட்டும் வளைந்தும் முறியாத மரம் அதற்கு வேண்டும். சாவண்டலை அத்தகையது, மசூலாப் படகுகளுக்கு அது பெரிதும் மெச்சப்பட்டது. வண்டி ஏர்க்காலுக்கும், பீப்பாய்ப் பலகைக்கும் அது சென்றது. சாராயப் பீப்பாய்க்கு நம் நாட்டிலே இன்றும் சாவண்டலையையே நாடுகின்றனர். ஊரின் பெயர் பூண்ட போர்க்கப்பலைப் பற்றி நூல்கள் உள. ஊரின் பெயர் பூண்ட மரமோ ஆயிரமாயிரம் மக்களை அலைகடந்து கரைசேர்க்க உதவியும், அதனைப் பற்றி ஊராரே பேசுவதில்லை.

காட்டைக் காக்கும் சட்டம் இலங்கையிலே 1885 இலும் பின்னர் 1907 இலும் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே வண்டி செல்லக்கூடிய இடங்களிலும் ஆற்றோரங்களிலும் நின்ற நல்ல மரம் பெரும்பாலும் போய்விட்டது. ஒல்லாந்தர் 1680 ஆம் ஆண்டளவிலே இலங்கைக்குக் கொணர்ந்தனர் என்று கூறப்படும் தேக்கு, இருபதாம் நூற்றாண்டிலே காட்டிலாகாவினால் உலர் வலயமெங்கும் பெருமளவில் நடப்பட்டது. சேனைப் பயிர் செய்வோர் தம் பயிரினிடையே தேக்கங்கன்றையும் நட்டு வளர்த்து, பயிர்க்காலம் முடிந்ததும் நிலத்தைக் காட்டிலாகாவிடம் விட்டுச் செல்வர். இம்முறை செலவு குறைந்தது, ஆனால் குறையற்றதன்று. தேக்கின் பேரிலையிலே திரண்டு விழும் மழைத்துளி பருமனானது. கீழே பூண்டு இல்லாதவிடத்து அது மண்ணை அடித்துக் கரைத்துவிடும். கலப்புக் காடு நின்ற இடத்திலே தேக்கு மட்டும் நிற்பது காட்டுக்கு ஈடாகாது.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை நிலாவெளியை அழித்தது. அதன்பின் வீடுகள் மீண்டும் எழுந்தபோது கதவுக்கும் நிலைக்கும் யன்னலுக்கும் மரம் வேண்டப்பட்டது. மரம் வாங்குவோர் 'தேக்கோ' என்று மட்டும் கேட்டல் போதாது. பம்பாயில் ஏரா மரமாய் இடப்பட்டது காட்டிலே மெல்ல வளர்ந்து முதிர்ந்த தேக்கின் வைரம். இளமையிலே வெட்டப்பட்ட தோட்டத் தேக்கிலோ வெளிறு மிகுதி, வைரம் சிறிது. பலகையின் ஓரத்திலே வெளிறிய பட்டை தென்படின் அப்பகுதியைக் கறையான் விடாது. தச்சர் பலகையை ஓரிடத்திற் சீவி, நிறத்தையும், தொட்டால் எண்ணெய்ப் பசை தெரிகின்றதா என்பதையும், தேக்குக்கே உரிய மணத்தையும் நோக்குவர். முதிரை கிடைக்குமிடத்து முதிரையையே விரும்பும் பெரியோர் நம் ஊரில் இன்னும் உளர். அதனை அறுக்கும் உழைப்புக்கு அஞ்சாத தச்சர்தாம் குறைந்துவிட்டனர்.

சாவண்டலையையும் நட்டு வளர்க்கலாம். அது வறட்சியைப் பொறுக்கும். அதன் காய்க்கு ஆறு சிறகுகள் உண்டு. காய்ந்தபின் காற்றிலே சுழன்று தாய்மரத்தைவிட்டு அகன்று விழும். நம் பக்கத்துக் காடுகளில் எஞ்சியுள்ள மரங்களின் கீழே அக்காய்களைப் பொறுக்கலாம்.